கியூஜிஐஎஸ்ஸில் உயரத் தரவை ஏற்றிக் காட்டுவது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு

உயரத் தரவுக் கோப்பைப் பதிவிறக்கி கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் போட்டதும் பெரும்பாலோருக்குத் தெரிவது ஒரு சாம்பல் நிறச் சதுரம்தான். மலையும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. மலைநிழல் (வெயில் படுவது போல மேடுபள்ளத்தை நிழலால் காட்டுவது) போட்டால் படம் முழுக்கக் கருத்துப் போகிறது. இதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: கோப்பில் உயரம் மீட்டரில் இருக்கிறது, கிடைத்தூரம் டிகிரியில் இருக்கிறது. இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டுவராமல் அடுத்த வேலைக்குத் தாவினால் ஒவ்வொரு படியிலும் வேறொரு பிழை முளைக்கும்.

அதனால் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: டைல்களை (சதுரத் துண்டுகளாக வரும் தரவுக் கோப்புகளை) ஒட்டுவது, வெட்டுவது, மீட்டருக்கு மாற்றுவது, அதற்குப் பிறகே நிறமும் நிழலும்.

1. எந்தத் தரவு வேண்டும், என்ன செலவு

பணச் செலவு இல்லை. கியூஜிஐஎஸ் இலவசம், உலகளாவிய 30 மீட்டர் உயரத் தரவும் இலவசம். செலவாவது வட்டில் இடமும் கொஞ்சம் பொறுமையும். நிறுவும்போது 'நீண்டகால ஆதரவு' என்று குறிக்கப்பட்ட பதிப்பையே எடுங்கள். புதுப் பதிப்பில் கூடுதல் வசதி இருக்கலாம். ஆனால் பழகும் காலத்தில் மென்பொருளின் பிழை எது, நம் பிழை எது என்று பிரித்தறிய முடியாது.

முதலில் பார்க்க வேண்டிய தரவுத் தொகுப்புகள் இரண்டு.

எஸ்ஆர்டிஎம்: 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் எடுத்தது. வடக்கே 60 டிகிரி முதல் தெற்கே 56 டிகிரி வரை மட்டுமே உண்டு. அதற்கு அப்பால் இருக்கும் இடத்தை இதில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 2000க்குப் பிறகு வெட்டிய குவாரியும் கட்டிய அணையும் இதில் இருக்காது. செங்குத்தான மலைகளில் ரேடார் பார்க்க முடியாத இடங்கள் இதன் பழைய பதிப்புகளில் ஓட்டைகளாக விடப்பட்டுள்ளன. இதையே திரும்பப் பதப்படுத்தி வெளியிட்ட நாசாடெம் என்ற தொகுப்பில் ஓட்டைகள் குறைவு.

கோபர்நிகஸ் ஜிஎல்ஓ-30: இதற்கான ரேடார் அளவீடுகள் 2011 முதல் 2015 வரை எடுக்கப்பட்டவை. துருவப் பகுதிகள் வரை உண்டு. புதிதாகத் தொடங்குபவர் இதையே எடுக்கலாம் என்பது என் கருத்து. 90 சதவீத நம்பக அளவில் எஸ்ஆர்டிஎம்மின் உயரப் பிழை வரம்பு 16 மீட்டர், இதற்கு 4 மீட்டர். அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ஒன்றை மனதில் வையுங்கள். இரண்டும் ரேடார் பார்த்த மேற்பரப்பைத் தருபவை. அடர்ந்த காட்டில் உங்களுக்குக் கிடைப்பது தரையின் உயரம் அல்ல, ஏறக்குறைய மர உச்சியின் உயரம். நகரத்தில் கட்டடக் கூரையும் கலந்திருக்கும். வெள்ளநீர் எங்கே ஓடும் என்று கணக்கிடப் போகிறவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டால், ஒரு மரவரிசை அணையாக மாறிவிடும்.

2. உங்களுக்கு எத்தனை டைல் தேவை

தரவு 1 டிகிரிக்கு 1 டிகிரி சதுரங்களாக வெட்டப்பட்டிருக்கும். டைலின் பெயர் அதன் தென்மேற்கு மூலையைக் குறிக்கும். என்27இ086 என்றால் வடக்கு 27 முதல் 28 வரை, கிழக்கு 86 முதல் 87 வரை. பெயரில் உள்ளது நடுப்புள்ளி என்று நினைத்து தவறான டைலை இறக்குவது அடிக்கடி நடக்கும் பிழை. தெற்கிலும் மேற்கிலும் இன்னும் குழப்பும்: தெற்கு 3.4 டிகிரியில் இருக்கும் இடம் எஸ்04 டைலில் இருக்கிறது, எஸ்03இல் இல்லை.

எவரெஸ்டை எடுத்துக்கொள்வோம். அதன் சிகரம் வடக்கு 27.988, கிழக்கு 86.925. என்27இ086 டைலுக்குள் வருகிறது. ஆனால் வடக்கு விளிம்பிலிருந்து ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் தூரத்தில்தான். கிழக்கு விளிம்பும் 7 கிலோமீட்டர் சொச்சம்தான். ஒரே டைலை இறக்கினால் சிகரம் படத்தின் மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும், வடக்குச் சரிவு காணாமல் போகும். சுற்றுப்புறம் முழுமையாக வேண்டுமென்றால் என்27இ086, என்27இ087, என்28இ086, என்28இ087 ஆகிய நான்கும் தேவை. உங்கள் இடத்துக்கும் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுவிட்டு அப்புறம் இறக்குங்கள்.

முழுக்கக் கடலாக உள்ள சதுரத்துக்கு டைலே இருக்காது. பட்டியலில் இல்லையே என்று பதற வேண்டாம்.

3. பதிவிறக்கும்போது

எஸ்ஆர்டிஎம், நாசாடெம் இரண்டையும் அமெரிக்க அரசுத் தளங்களில் பெறலாம். இலவசக் கணக்கு ஒன்று திறக்க வேண்டும். வேலை தொடங்கும் நாளுக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள், உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் சில நேரம் தாமதமாகும். கோபர்நிகஸ் டைல்களை அமேசானின் திறந்த தரவுக் களஞ்சியத்திலிருந்து கணக்கே இல்லாமல் எடுக்கலாம்.

கோபர்நிகஸ் கோப்புப் பெயரில் ஒரு பொறி இருக்கிறது. பெயரின் நடுவில் 10 என்று இருந்தால் அது 30 மீட்டர் தரவு. 30 என்று இருந்தால் அது 90 மீட்டர் தரவு. அந்த எண் மீட்டரைச் சொல்லவில்லை, ஆர்க் நொடியின் (டிகிரியின் 3,600இல் ஒரு பங்கு) பத்தில் ஒரு பங்கைச் சொல்கிறது. '30' என்று பார்த்து ஆசையாக இறக்கியவர்கள் மங்கலான 90 மீட்டர் படத்தை வைத்துக்கொண்டு மென்பொருளைக் குறை சொல்வதுண்டு.

அளவை வைத்தே கோப்பு முழுதாக வந்ததா என்று சோதிக்கலாம். எஸ்ஆர்டிஎம் வரும் கோப்பு வடிவம் ஹெச்ஜிடி; அதன் ஒரு ஆர்க் நொடிக் கோப்பில் 3601 வரிசை, 3601 நெடுவரிசை, பிக்சலுக்கு 2 பைட். ஆக, ஜிப்பைப் பிரித்தபின் அது துல்லியமாக 2,59,34,402 பைட் இருக்க வேண்டும். மூன்று ஆர்க் நொடிக் கோப்பானால் 28,84,802 பைட். இதில் ஒன்று குறைந்தாலும் பதிவிறக்கம் பாதியில் அறுந்திருக்கிறது.

ஹெச்ஜிடி கோப்பின் பெயரை மாற்றவே மாற்றாதீர்கள். அந்தக் கோப்புக்குள் இடக்குறிப்பு எதுவும் இல்லை. பெயரைப் படித்துத்தான் அது உலகில் எங்கே இருக்கிறது என்று மென்பொருள் கண்டுபிடிக்கிறது. 'என் மலை' என்று பெயரிட்டால் திறக்கவே திறக்காது.

இன்னொன்று: தளங்கள் காட்டும் முன்னோட்டப் படத்தையும் இறக்கும் வசதி இருக்கும். ஜேபெக், பிஎன்ஜி வடிவில் வருவது வெறும் படம். அதன் பிக்சலில் உயரம் இல்லை, நிறம்தான் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது ஜியோடிஃப் அல்லது ஹெச்ஜிடி.

4. கோப்புறை, பிறகு ஏற்றுதல்

வட்டின் மேல்மட்டத்திலேயே சின்னப் பெயரில் ஒரு கோப்புறை வையுங்கள். பெயரில் தமிழ் எழுத்தும் இடைவெளியும் வேண்டாம். கியூஜிஐஎஸ் அதைத் தாங்கினாலும் பின்னால் ஓடும் சில துணைக் கருவிகள் தடுமாறும். பிழைச் செய்தியோ கோப்பே இல்லை என்று சொல்லும். மேகச் சேமிப்போடு தானாக ஒத்திசையும் கோப்புறையையும் தவிர்த்துவிடுங்கள், எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை அது பிடித்துக்கொள்ளும்.

கோப்பை இழுத்து வரைபடச் சாளரத்தில் விட்டாலே போதும். அல்லது கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் அழுத்தி ராஸ்டர் லேயர் (பிக்சல் கட்டங்களால் ஆன அடுக்கு) சேர்க்கும் சாளரத்தைத் திறங்கள்.

ஏற்றியதும் அடையாளக் கருவியால் எங்காவது ஒரு பிக்சலைச் சொடுக்கிப் பாருங்கள். உயரம் போல ஓர் எண் வந்தால் தரவு சரி, சாம்பல் நிறம் ஒரு பிரச்சினையே இல்லை. -32768 என்று வந்தால் அது எஸ்ஆர்டிஎம்மின் ஓட்டை. அந்த எண்ணை மென்பொருள் உண்மையான உயரமாக எண்ணிக்கொண்டால், கறுப்பு முதல் வெள்ளை வரையான அளவுகோலே -32768இலிருந்து தொடங்கும், மலை மொத்தமும் ஒரே வெள்ளையாகிவிடும். லேயர் ப்ராப்பர்ட்டீஸ் → ட்ரான்ஸ்பரன்சி பக்கத்தில் கூடுதல் நோடேட்டா (இங்கே தரவு இல்லை என்று காட்டும்) மதிப்பாக -32768ஐக் கொடுத்தால் சரியாகும். சிறு ஓட்டைகளை ராஸ்டர் → அனாலிசிஸ் → ஃபில் நோடேட்டா அடைத்துவிடும். பெரிய ஓட்டையை அதனால் அடைக்காதீர்கள். அங்கே வருவது மென்பொருளின் ஊகம், நிலம் இல்லை. அந்த இடத்துக்கு வேறு தொகுப்பை எடுங்கள்.

5. டைல்களை ஒட்டுதல்

ராஸ்டர் → மிசலேனியஸ் → பில்டு விர்ச்சுவல் ராஸ்டர். இது புதிய பெரிய கோப்பை உருவாக்காது. எந்த டைல் எங்கே என்று எழுதிவைத்த சிறு குறிப்புக் கோப்பைத்தான் தரும். அதனால் நொடிகளில் முடியும்.

ஒவ்வொரு கோப்பையும் தனி பேண்டாக வை என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் முன்கூட்டியே டிக் போட்டிருக்கும். அதை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் நான்கு டைலும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டாமல் நான்கு அடுக்குகளாகும். சிவப்பு, பச்சை, நீலம் என்று விசித்திரமான வண்ணத் துண்டுகள் தெரியும். முதல்முறை செய்பவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இது.

ஒட்டிய பிறகு மூல டைல்களை நகர்த்தவோ அழிக்கவோ கூடாது, குறிப்புக் கோப்பு அவற்றையே நம்பி இருக்கிறது. எஸ்ஆர்டிஎம்மையும் கோபர்நிகஸையும் ஒரே ஒட்டில் கலக்காதீர்கள். ஒன்று இஜிஎம்96, மற்றது இஜிஎம்2008 என்று வேறு வேறு கடல்மட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை; சேரும் விளிம்பில் படிக்கட்டு தெரியும்.

6. வெட்டி, மீட்டருக்கு மாற்றுதல்

இந்தப் படிக்கு அவசரம் கூடாது.

முதலில் ராஸ்டர் → எக்ஸ்ட்ராக்‌ஷன் → கிளிப் ராஸ்டர் பை எக்ஸ்டென்ட். உங்களுக்குத் தேவையான பரப்பைவிட நான்கு பக்கமும் சில கிலோமீட்டர் கூடுதலாக வெட்டுங்கள். மாற்றும்போது சட்டகம் சற்றுச் சாயும், விளிம்புகள் வீணாகும். அந்தக் கூடுதல் பகுதி அதற்காக. ஒரு டைலில் மட்டும் ஏறத்தாழ 1.3 கோடி பிக்சல்கள் இருக்கின்றன. வெட்டாமல் நான்கையும் முழுசாக மாற்றினால் பழைய மடிக்கணினி திணறும்.

அடுத்து உங்கள் இடம் எந்த யுடிஎம் மண்டலம் என்று கண்டுபிடியுங்கள். உலகை 6 டிகிரி அகலப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை அது. கிழக்குத் தீர்க்கரேகையோடு 180ஐக் கூட்டி, 6ஆல் வகுத்து, தசமத்தை வெட்டி, 1 சேருங்கள். எவரெஸ்டுக்கு 86.9 + 180 = 266.9; 6ஆல் வகுத்தால் 44.48, ஆக மண்டலம் 45. மேற்குத் தீர்க்கரேகையானால் எண்ணைக் குறைக்குறியோடு போடுங்கள். ஆயமுறைக்கு, அதாவது இடங்களை எண்களால் குறிக்கும் முறைக்கு, உள்ள அடையாள எண்ணே இபிஎஸ்ஜி எண். வட அரைக்கோளத்துக்கு அது 326 என்று தொடங்கும், தென் அரைக்கோளத்துக்கு 327. பின்னால் மண்டல எண். எவரெஸ்டுக்கு 32645.

இப்போது ராஸ்டர் → ப்ராஜெக்‌ஷன்ஸ் → வார்ப். இதில் நான்கு இடங்களைத் தொட வேண்டும்.

இலக்கு ஆயமுறை: மேலே கண்டுபிடித்த எண்.

ரீசாம்ப்ளிங் (புதிய பிக்சல்களுக்கு மதிப்பைக் கணக்கிடும்) முறை: இயல்பாக 'நியரஸ்ட் நெய்பர்' இருக்கும். அதை 'பைலீனியர்' அல்லது 'க்யூபிக்' ஆக்குங்கள். சாம்பல் படத்தில் வேறுபாடே தெரியாது. நிழல் போட்டதும் மலைச்சரிவில் துணி நெய்தது போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் தெரியும். அப்போது தரவு கெட்டது என்று நினைப்பீர்கள். கெட்டது தரவு இல்லை, இந்தத் தேர்வு.

நோடேட்டா மதிப்பு: -9999 என்று கொடுங்கள். கொடுக்காவிட்டால் சாய்ந்த சட்டகத்தின் மூலை முக்கோணங்கள் 0 ஆக நிரம்பலாம். 0 என்றால் கடல்மட்டம் என்று பொருள். 5,000 மீட்டர் உயர மலைத்தொடருக்குப் பக்கத்தில் கடல் இருப்பதாக மென்பொருள் நம்பிவிடும், நிறங்கள் எல்லாம் அதற்கேற்ப இடம் மாறும்.

பிக்சல் அளவு: 30. காலியாக விட்டால் 28.37 போல ஒழுங்கில்லாத எண் வரும். தவறில்லை, ஆனால் பின்னால் கணக்கிடும்போது எரிச்சல் தரும். இங்கே 10 என்று போட்டால் விவரம் கூடாது, கோப்புதான் ஒன்பது மடங்கு பெருக்கும்.

வெளியீட்டுக் கோப்பைத் தற்காலிகக் கோப்பாக விடாமல் பெயர் கொடுத்துச் சேமியுங்கள். தற்காலிகக் கோப்பு மென்பொருளை மூடியதும் போய்விடும்.

கடைசியாக, திட்டத்தின் ஆயமுறையையும் இதே எண்ணுக்கு மாற்றுங்கள். வலது கீழ்மூலையில் சொடுக்கினால் வரும். லேயரை மாற்றிவிட்டுத் திட்டத்தை டிகிரி ஆயமுறையான 4326லேயே விட்டால் படம் நசுங்கித் தெரியும். லேயரை வலது சொடுக்கி 'செட் லேயர் சிஆர்எஸ்' என்று கொடுப்பது மாற்றம் ஆகாது. அது பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும்; மலை பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் எங்கோ ஒரு புள்ளியாகப் போய் உட்காரும்.

7. நிறம் கொடுத்தல்

லேயர் ப்ராப்பர்ட்டீஸ் → சிம்பாலஜியில் 'சிங்கிள்பேண்ட் ஸூடோகலர்' தேர்ந்தெடுங்கள். நிறப்பட்டைக்குப் பக்கத்தில் உள்ள அம்புக்குறியில் புதிய பட்டை → சிபிடி-சிட்டி → டோபோகிராஃபி என்று போனால் மலைகளுக்கென்றே செய்த பட்டைகள் கிடைக்கும்.

குறைந்தபட்ச, அதிகபட்ச எண்களை மென்பொருள் உத்தேசமாகத்தான் கணக்கிடும். அதே பகுதியில் உள்ள துல்லியத் தெரிவை 'ஆக்சுவல்' ஆக்குங்கள், அல்லது நீங்களே முழு எண்களைத் தட்டுங்கள். பச்சையில் தொடங்கும் பட்டை கடல்மட்டத்துக்கென்று செய்தது. 3,000 மீட்டரில் தொடங்கும் பகுதிக்கு அதை அப்படியே போட்டால் பனிமலை அடிவாரம் வயல்வெளி போலத் தெரியும்.

சிகரத்தின் மேல் சொடுக்கிப் பார்த்தால் 8,848.86 மீட்டர் வராது, குறைவாகவே வரும். கூரிய உச்சி 30 மீட்டர்ச் சதுரத்துக்குள் கரைந்துவிடுகிறது. இது பிழை இல்லை. ஜிபிஎஸ் கருவியில் எடுத்த உயரத்தோடு ஒப்பிடும்போது மட்டும் எச்சரிக்கை தேவை: கருவி நீள்வட்டக் கோளத்திலிருந்து உயரம் சொன்னால், கடல்மட்ட உயரத்துக்கும் அதற்கும் உலகில் சில இடங்களில் 100 மீட்டருக்கும் மேல் வேறுபாடு இருக்கும்.

8. மலைநிழல்

மாற்றிய லேயரை நகலெடுத்து, நகலின் சிம்பாலஜியை 'ஹில்ஷேட்' ஆக்குங்கள். புதிய கோப்பு தேவையில்லை. சூரியனின் உயரக்கோணம் 45, திசை 315 என்று இருக்கும், அப்படியே விடுங்கள். வடமேற்கிலிருந்து வெளிச்சம் வருவது இயற்கைக்கு ஒத்துவராது என்று திசையை 135 ஆக்கினால் கண் ஏமாறும்: பள்ளத்தாக்கு மேடாகவும் மேடு பள்ளமாகவும் தெரியும். ஒரே பக்கம் கருப்பாக இருக்கிறது என்றால் 'மல்டிடைரக்‌ஷனல்' பெட்டியை டிக் செய்யுங்கள்.

இசட் ஃபேக்டர் (உயரத்தைப் பெருக்கும் எண்) 1 இருக்கட்டும். 6ஆம் படியைச் செய்யாமல் வந்துவிட்டு இங்கே கருப்பும் வெள்ளையுமாகக் குதறிய படம் பார்க்கிறீர்கள் என்றால், மென்பொருள் ஒரு டிகிரியை ஒரு மீட்டராக எண்ணி எல்லாச் சரிவையும் செங்குத்தாக்குகிறது. ராஸ்டர் → அனாலிசிஸ் → ஹில்ஷேட் கருவியில் 'ஸ்கேல்' கட்டத்தில் 111120 போட்டால் ஓரளவு சமாளிக்கலாம். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ அத்தனை மீட்டர். ஆனால் பூமத்தியரேகையிலிருந்து விலக விலக கிழக்கு மேற்கு அகலம் குறுகுவதால் அந்த எண் பொய்க்கும். திரும்பிப் போய் மீட்டருக்கு மாற்றுவதே மேல்.

இப்போது நிற லேயரை மேலே, நிழல் லேயரைக் கீழே வைத்து, நிற லேயரின் ப்ளெண்டிங் மோடை 'மல்டிப்ளை' ஆக்குங்கள். வெறுமனே ஒளிபுகும் தன்மையைக் குறைத்தால் இரண்டுமே வெளுத்துவிடும். மல்டிப்ளையில் நிறம் நிறமாகவே இருக்கும், நிழல் அதற்குள் இறங்கும். இருட்டாகத் தெரிந்தால் நிழல் லேயரின் பிரைட்னஸைக் கூட்டுங்கள். அதே பக்கத்தில் ரீசாம்ப்ளிங் பகுதியில், நெருங்கிப் பார்க்கவும் விலகிப் பார்க்கவும் 'பைலீனியர்' என்று வைத்தால் கட்டங்கட்டமாகத் தெரிவது போகும். சாம்பல் சதுரம் நிலமாக மாறுவது இந்த இடத்தில்தான்.

9. சமவுயரக் கோடுகள்

ராஸ்டர் → எக்ஸ்ட்ராக்‌ஷன் → கான்டூர். இடைவெளியை எத்தனை வைப்பது என்பதே கேள்வி. உயரப் பிழை 4 மீட்டர் உள்ள தரவில் 1 மீட்டர் இடைவெளியில் கோடு போடலாம், மென்பொருள் தடுக்காது; வருவது மரத்தின் மேடும் ரேடாரின் இரைச்சலும். மலைப்பகுதிக்கு 50 அல்லது 100, மேடுபள்ளம் மிதமான இடத்துக்கு 20, எஸ்ஆர்டிஎம்முக்கு அதற்குக் கீழே போகாமல் இருப்பது நேர்மை.

கோடுகள் நடுங்கித் தெரிந்தால், 6ஆம் படியின் வார்ப்பை இன்னொரு முறை பிக்சல் 60, முறை 'ஆவரேஜ்' என்று ஓட்டி, அந்த மழுங்கிய பதிப்பிலிருந்து கோடு எடுங்கள். எடுத்த கோட்டைப் பிறகு வழவழப்பாக்க முயன்றால் நெருக்கமான சரிவில் ஒரு கோடு இன்னொன்றைத் தாண்டிவிடும்.

10. முப்பரிமாணமும் குறுக்குவெட்டும்

ப்ராஜெக்ட் ப்ராப்பர்ட்டீஸ் → டெரெய்ன் பக்கத்தில் 'டெம்' (உயரத் தரவு) தேர்ந்து, நிறமோ நிழலோ அல்ல, மீட்டருக்கு மாற்றிய உயர லேயரையே கொடுங்கள். பிறகு வியூ மெனுவில் புதிய 3டி சாளரம். செங்குத்து அளவை 1.5க்கு மேல் ஏற்ற வேண்டாம், மலைகள் ஊசிகளாகிவிடும்.

லேயரின் எலிவேஷன் பக்கத்தில் இது உயரப் பரப்பு என்ற பெட்டியை டிக் செய்தால், வியூ மெனுவின் எலிவேஷன் ப்ரொஃபைல் கருவியில் ஒரு கோடு இழுத்ததும் குறுக்குவெட்டு கிடைக்கும். பெட்டியை மறந்தால் வரைபடம் காலியாகவே இருக்கும்.

11. அச்சிடுவதும் பகிர்வதும்

30 மீட்டர் பிக்சல் 1:1,00,000 அளவில் தாளில் 0.3 மில்லிமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. 1:25,000இல் அதுவே 1.2 மில்லிமீட்டர்; கட்டங்கள் தெரியும். 300 டிபிஐக்கு மேல் எவ்வளவு ஏற்றினாலும் அது மாறாது. மல்டிப்ளை பயன்படுத்திய வரைபடம் பிடிஎஃப்பில் படமாகவே சேமிக்கப்படும், எழுத்தும் சேர்ந்து மங்கலாம். ஆகவே அதை 300க்குக் கீழே இறக்காதீர்கள்.

திட்டக் கோப்புக்குள் தரவு இல்லை, தரவு இருக்கும் இடத்தின் முகவரிதான் இருக்கிறது. இன்னொருவருக்கு அனுப்பும்போது முழுக் கோப்புறையையும் அனுப்புங்கள். கோபர்நிகஸ் தரவானால் அதன் உரிமக் குறிப்பை வரைபடத்தின் மூலையில் எழுதியாக வேண்டும். அச்சு வடிவமைப்பைத் தொடங்கும்போதே அதற்கு ஒரு எழுத்துப் பெட்டியை வைத்துவிடுங்கள்.